பட்டைக்குக் கீழே இன்னொரு கம்பெனி

அத்தியாயம் ஐந்து

செல்வக்குமாரின் அறைக்குள் கால் வைத்ததும் மல்லிகை வாசனை மூக்கில் அறைந்தது. அறையில் பூ எதுவும் இல்லை. சுவரில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் டப்பா ஒன்று அவ்வப்போது புஸ்ஸென்று துப்பிக்கொண்டிருந்தது. மீதிச் சுவர் முழுக்கச் செல்வக்குமார். பொன்னாடை வாங்கும் செல்வக்குமார், பொன்னாடை போர்த்தும் செல்வக்குமார், மரக்கன்று நடும் செல்வக்குமார். தலைமுடி வருடா வருடம் கறுத்துக்கொண்டே வந்தது. மரக்கன்று மட்டும் எல்லாப் படத்திலும் ஒரே உயரம்.

“குழியும் அதேதான் அண்ணாச்சி,” என்று காதோரம் சொன்னாள் பாண்டிமீனா.

துப்பறியும் சோலைமலை சிரிக்கவில்லை. கட்சிக்காரர் முன்னால் சிரிப்பது தொழிலுக்கு இழுக்கு என்பது அவர் கொள்கை. விருதுநகர் பழைய பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கும் அவருக்கு இதுபோல் நிறையக் கொள்கைகள் உண்டு. கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை என்பதும் ஒன்று. அதற்குச் சோம்பேறித்தனம் என்று வேறு பெயர் இருப்பதாக அவருடைய உதவியாளரான பாண்டிமீனா சொல்லுவாள். சம்பளம் ஒழுங்காக வராத உதவியாளர்களுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

செல்வக்குமார் விஷயத்தைச் சொன்னார். அவர் ‘வைரமத்தாப்பு ஃபயர்வொர்க்ஸ்’ முதலாளி. அன்று மாலை மண்டபத்தில் அவருக்கு ‘ஒளிச்செம்மல்’ பட்டம். பட்டத்தைக் கொடுக்கும் அமைப்பு அவருடையது, மண்டபம் அவர் மைத்துனருடையது. விழாவில் கம்பெனியின் வெப்சைட்டைப் பெரிய திரையில் காட்டப்போகிறார்கள். பட்டாசை இணையத்தில் விற்கக் கூடாது என்பதால் அதில் ‘வாங்க’ என்று பொத்தான் கிடையாது, ‘விசாரிக்க’ என்றுதான் இருக்கும். விசாரிப்பவர் வீட்டுக்கு லோடு போய்ச் சேர்ந்துவிடும்.

இப்போது அதில்தான் சதி. வடக்கேயிருந்து வந்த ஒரு வியாபாரி முந்தின நாள் தன் ஐபோனில் பக்கத்தைத் திறந்திருக்கிறார். ஃபேக்டரி வாசல் படத்தில், வளைவின் மேல் பெரிதாக ‘வைரமத்தாப்பு’ என்று இருந்தது. அதன் கீழே, போர்வைக்கு வெளியே நீட்டிய கால் மாதிரி, இன்னொரு பெயர் எட்டிப் பார்த்தது. ‘செங்கதிர்மாலை.’

சோலைமலை மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார். அதில் எல்லாம் சரியாக இருந்தது. செல்வக்குமார் நீட்டிய ஐபோனில் செங்கதிர்மாலை தெரிந்தது.

எதிரிக் கம்பெனிக்காரன் கைக்கூலி கொடுத்து, வெப்சைட் செய்த இசைவாணி என்ற பெண்ணை வைத்து இந்த வேலையைச் செய்திருக்கிறான் என்றார் செல்வக்குமார். சாயங்காலத்துக்குள் சோலைமலை தன் லெட்டர்பேடில் அதை உறுதி செய்து முத்திரை குத்திக் கொடுத்தால் போதும். புகார் தயாராக இருக்கிறது, இன்ஸ்பெக்டரும் விழாவுக்கு வருகிறார்.

“இன்னைக்கு ராத்திரி அந்தப் பிள்ள ஸ்டேஷன்ல இருக்கணும். சின்னப்பிள்ளையேன்னு பாத்தா நமக்குத்தான் கேடு.”

செங்கதிர்மாலை என்று ஒரு கம்பெனி உண்டா என்று சோலைமலை கேட்டார். வாழ்க்கையில் கேள்விப்பட்டதே இல்லை என்றார் செல்வக்குமார். குளிர்சாதனம் ஓடுகிற அறையில் அவர் கழுத்துச் சங்கிலி வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மாடிப்படி இறங்கும்போது பாண்டிமீனா, “கேள்விப்படாத பேருக்கு ஒரு மனுசனுக்கு இம்புட்டு வேர்க்குமா அண்ணாச்சி?” என்றாள்.

உடல்வாகு என்றார் சோலைமலை.

*

இசைவாணியின் கடை ஜெராக்ஸ், லேமினேஷன், வெப்சைட் மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஷட்டர். அன்று அது பாதிதான் திறந்திருந்தது. குனிந்து உள்ளே போக வேண்டியிருந்தது. ஊரை விட்டுப் போகக் கூடாது என்று காலையில் ஒரு போலீஸ்காரர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். போகிற போக்கில் தன் மகனின் மதிப்பெண் பட்டியலை லேமினேட் செய்துகொண்டும் போயிருந்தார்.

பயந்திருப்பாள் என்று சோலைமலை ஆறுதல் மொழிகளோடு வந்திருந்தார். இசைவாணி கோபமாக இருந்தாள். ஆறுதலைத் திருப்பி எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவள் ஒரே கம்ப்யூட்டரில் மூன்று பிரவுசர்களைத் திறந்து, மூன்றிலும் அதே பக்கத்தைப் போட்டாள். முதலாவதில் வாசல் சரியாக இருந்தது. இரண்டாவதில் படத்தின்மேல் ஒட்டியிருந்த பெயர்ப்பட்டை ஒரு விரல்கடை மெலிந்து, கீழே செங்கதிர்மாலையின் பாதம் தெரிந்தது. மூன்றாவதில் முழுதாகவே தெரிந்தது. கூடவே, முதலாளியின் உருவப்படம் இடம் மாறிப்போய்ச் சுழலும் சங்குசக்கரத்தின்மேல் உட்கார்ந்திருந்ததால், அவர் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த செல்வக்குமார், இது ஒன்றை மட்டும் சரி செய்ய வேண்டாம் என்று சொன்னாராம்.

“அப்ப ஹேக்கர் பிரவுசருக்கு ஒரு தடவன்னு தனித்தனியா வந்து வேல பாத்திருக்கான்,” என்றாள் பாண்டிமீனா. “நல்ல உழைப்பாளி.”

இசைவாணி முதல்முறையாகச் சிரித்தாள். பிறகு விளக்கினாள். செல்வக்குமார் பட்டாசுக்கு வருமுன் சிவகாசியில் காலண்டர் அடித்தவர். வெப்சைட் செய்யச் சொன்னபோது இரும்பு ஸ்கேலோடு வந்தார். தன் ஆபீஸ் கம்ப்யூட்டர் திரையில் ஸ்கேலை வைத்து, மேலேயிருந்து இத்தனை அங்குலத்தில் பெயர், இடமிருந்து இத்தனை அங்குலத்தில் தன் படம் என்று அளந்து கொடுத்தார். பிறகு பக்கத்தைக் காகிதத்தில் எடுக்கச் சொல்லி, ‘ஓகே, அடிக்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உலகத்திலேயே அச்சுக்கு அனுமதி வாங்கிய வெப்சைட் அது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

வெப்சைட் காகிதம் இல்லை, பார்க்கிற பிரவுசருக்கும் போனுக்கும் ஏற்ப மாறும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். பட்டைக்கு உயரம் கொடுக்காவிட்டால் உள்ளே இருக்கும் எழுத்தின் உயரம்தான் அதன் உயரம். அவர் கம்ப்யூட்டரில் மட்டும் ஒரு பருத்த காலண்டர் எழுத்துரு இருக்கிறது. இல்லாத இடத்தில் ஒவ்வொரு பிரவுசரும் தன் கைவசம் உள்ள எழுத்தைப் போட்டுக்கொள்ளும். எழுத்து மெலிந்தால் பட்டையும் மெலியும். கையெழுத்துப் போட்ட புரூஃபை மாற்றுவது துரோகம் என்று அவர் கத்தியிருக்கிறார். வேண்டுமானால் வாங்குகிறவர்கள் எல்லோரும் என்னுடைய மாதிரி கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளட்டும் என்று யோசனையும் சொல்லியிருக்கிறார்.

ஆக, சதி இல்லை, ஹேக்கர் இல்லை. ஒரு ஸ்கேலும் ஒரு திமிரும்தான். சோலைமலைக்கு ஏமாற்றமாக இருந்தது. எழுந்திருக்கப் போனவர் பாதியில் நின்றார்.

“பட்டையப் பேர்மேல எதுக்கும்மா ஒட்டணும்? படத்துலேயே பழைய பேர அழிச்சிட்டுப் புதுப் பேர எழுதியிருக்கலாமே?”

அன்றைக்கு அவர் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது. பாண்டிமீனாவே திரும்பிப் பார்த்தாள்.

அதைத்தான் தானும் கேட்டதாக இசைவாணி சொன்னாள். சிவகாசியில் காலண்டர் அடிப்பவர்கள் சாமி படத்தை மொத்தமாக அடித்துக் குவித்துவிடுவார்கள். கீழே ஒரு பட்டையை வெறுமையாக விட்டிருப்பார்கள். ஜவுளிக்கடைக்காரர் வந்தால் அவர் பெயர், அரிசிக்கடைக்காரர் வந்தால் அவர் பெயர். முருகனிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. செல்வக்குமாருக்கு வேண்டியதும் அதுதான். படம் ஒன்று, பட்டைகள் நாலு. அவள் மௌஸை நகர்த்தினாள். அதே வாசல், அதே வளைவு, மேலே வேறு வேறு கம்பெனிப் பெயர்கள். நாலு வெப்சைட். நாலிலும் ‘எங்கள் சொந்த ஃபேக்டரி’ என்று போட்டிருந்தது.

சோலைமலை பூதக்கண்ணாடியை எடுத்துத் திரையருகே குனிந்தார். வாசல்படியின் சாம்பல் படிவை நீண்ட நேரம் ஆராய்ந்தார். சிமெண்டுத் தூசு, ஆகவே சிமெண்டு ஆலை இருக்கும் ஆலங்குளம் பக்கம் என்று தீர்ப்புச் சொன்னார். பாண்டிமீனா அதற்குள் இசைவாணியிடம் கேட்டு, அந்த மூலப்படத்துக்குள் போன் தானாகவே பதிந்து வைத்திருந்த, படம் எடுத்த ஊரைப் பார்த்துவிட்டாள்.

“ஏழாயிரம்பண்ணை. கண்ணாடிய உள்ள வைங்க அண்ணாச்சி.”

*

சாத்தூர் தாண்டியதும் ஃபேக்டரி வேன்கள் எதிரே வந்துகொண்டிருந்தன. அரைநாளோடு வேலையை நிறுத்தி, ஆட்களை விழாவுக்கு ஏற்றிப் போகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நாற்காலிகள் நிறைய வேண்டுமே.

வாசலைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. காய்ந்த காட்டுக்கு நடுவே அந்த வளைவு மட்டும் தனியாக நின்றது. ‘வைரமத்தாப்பு ஃபயர்வொர்க்ஸ்’ என்ற ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். ஒரு முனைக் கயிறு அறுந்து, காற்றில் ஃப்ளெக்ஸ் மடங்க, அடியில் சிமெண்டில் பதித்த எழுத்துகள் தெரிந்தன. செங்கதிர்மாலை.

“காத்தும் ஒரு பிரவுசர்தான் போல,” என்றாள் பாண்டிமீனா.

கேட்டில் அரக்கு வைத்த பூட்டு. அருகே ஒட்டியிருந்த அரசு அறிவிப்பை வெயில் தின்று, முத்திரை வட்டம் மட்டும் மிச்சமிருந்தது. வேப்பமர நிழலில் கவிழ்த்த டிரம்மின்மேல் காவலாளி கருப்பணன் உட்கார்ந்திருந்தார். பேச ஆள் கிடைக்காமல் கிடந்தவர் என்பது இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்தது.

வடக்கேயிருந்து பார்ட்டி வரும்போதெல்லாம் பெயரை மாற்றிக் கட்டுவது தன் வேலை என்றார். நாலு ஃப்ளெக்ஸும் கொட்டகையில் சுருட்டி வைத்திருக்கிறார். பார்ட்டிகள் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, இளநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

சோலைமலை கேட்டார். கருப்பணன் எழுந்து, பக்கவாட்டில் வேலி விழுந்த இடத்தைக் காட்டினார்.

உள்ளே அறைகள் வரிசையாக இருந்தன. கூரை எதற்கும் இல்லை. கடைசி நாலு அறைகளுக்குச் சுவரும் இல்லை. தரை முழுக்கச் சாம்பல். ஆலங்குளம் சிமெண்டு இல்லை அது. சாப்பாட்டுத் தூக்கு ஒன்று மூடி உருகி, பாத்திரத்தோடு பாத்திரமாக ஒட்டிக் கிடந்தது. அதைத் தாண்டி ஒரு செருப்பு. ஜோடியைத் தேடப் பாண்டிமீனாவின் கண் தானாகப் போயிற்று. பிறகு தேடுவதை நிறுத்திக்கொண்டாள்.

போன வருடத்து வெடிவிபத்து. பேப்பரில் எல்லோரும் படித்ததுதான். ‘ஏழாயிரம்பண்ணை அருகே தனியார் பட்டாசு ஆலையில்’ என்று போட்டிருந்தார்கள். தனியார் என்பவர் யார் என்று எந்தப் பேப்பரும் எழுதவில்லை. எட்டுப் பேர். லைசென்ஸ் ஒருவர் பெயரில், அவர் என்றோ செத்துப்போனவர். குத்தகை கை மாறி, அது இன்னொரு கை மாறி, விபத்தன்று ஆலையை நடத்தியவர் யார் என்று ‘கண்டறியப்படவில்லை’ என்று வழக்கு அப்படியே நிற்கிறது. முதலாளி இல்லாத ஆலையில் செத்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

“ஒங்களுக்குச் சம்பளம் யாரு குடுக்கா?” என்று சோலைமலை கேட்டார்.

“செல்வக்குமார் மொதலாளியோட மேனேசரு. அன்னைக்கும் அவுகதான், இன்னைக்கும் அவுகதான்.”

“இத அதிகாரிககிட்ட சொல்லலையா?”

“மொதலாளி யாருன்னு கேட்டாக. பத்திரத்துல யாரு பேரு இருக்குன்னு எனக்கு என்ன தெரியும், தெரியாதுன்னேன்.” கருப்பணன் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பினார். “சம்பளம் யாரு குடுக்கான்னு ஒருத்தரும் கேக்கலயே.”

திரும்பி வரும் வழியில், சாத்தூர் வந்ததும் சோலைமலை வண்டியை நிறுத்தி, குழாயில் கையைக் கழுவினார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நிறுத்தி மறுபடி கழுவினார். பாண்டிமீனா கேட்க ஒன்று இருந்தது. ஊரில் கம்ப்யூட்டர் தெரிந்த துப்பறிகிறவர்கள் ரெண்டு பேர் இருக்க, இவரை எதற்குக் கூப்பிட்டார்கள்? அவர் கையைப் பார்த்துவிட்டு அவள் அதைக் கேட்கவில்லை.

*

பதில் மண்டபத்தின் பின்னறையில், கேட்காமலே கிடைத்தது.

செல்வக்குமாருக்கு ஒரு பெண் சந்தனம் பூசிக்கொண்டிருந்தாள். மூலையில் இசைவாணி லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். காலையில் ஸ்டேஷனுக்கு அனுப்ப நினைத்தவளை மாலையில் மேனேஜர் காரில் கூட்டி வந்திருந்தார். முதலாளியின் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்தார்களாம். மண்டபத்துத் திரையின் ஒயர் அதில் சேரவில்லை. மண்டபத்து லேப்டாப்பில் வேறு பிரவுசர். அதில் செங்கதிர்மாலை வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது.

ஹேக்கர் யாரும் இல்லை, சதி எதுவும் இல்லை, ஏழாயிரம்பண்ணைக்குப் போய் வந்தேன் என்று சோலைமலை சொன்னார். சந்தனம் பூசிய பெண்ணை வெளியே போகச் சொல்லிவிட்டுச் செல்வக்குமார் சிரித்தார். பல் எல்லாம் புதிது.

“இல்லன்னு எனக்குத் தெரியாதாய்யா? எம் பட்டைக்கு அடியில எம் பழைய கம்பெனி பேர்தான இருக்கு. கம்ப்யூட்டர்னா என்னன்னு தெரியாத துப்பறியிற ஆள் யாருன்னு விசாரிச்சேன். ஊரே ஒம்ம பேரத்தான் சொல்லுச்சு. அது எவனோ ஹேக்கர் போட்ட பேருன்னு சொன்ன எடத்துல முத்திரையக் குத்துவீருன்னு பாத்தேன். இப்படி ஊர் சுத்துவீருன்னு நெனைக்கல.”

இருபது வருடத் தொழில் வாழ்க்கையில் தனக்குக் கிடைத்த ஒரே நற்சான்று இதுதான் என்பது சோலைமலைக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கறைபட்டது இதுதானா என்பதுபோல் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

செல்வக்குமார் அவரை விட்டுவிட்டு இசைவாணி பக்கம் திரும்பினார். குரலில் திடீரென்று தேன். பேரம் நேரானது. திரை போடுவதற்குள் பக்கத்தைச் சரி செய்தால் புகாரைக் கிழித்துப் போட்டுவிடுவார். செய்யாவிட்டால் இன்ஸ்பெக்டர் மேடையிலேயே இருக்கிறார், அவர் சட்டைப் பையிலேயே புகாரும் இருக்கிறது.

இசைவாணி சோலைமலையைப் பார்த்தாள். அவரால் சொல்ல முடிந்தது எதுவும் அவளைக் காப்பாற்றப் போவதில்லை. பொய் சொல்ல அன்றைக்கு மனசு இடம் கொடுக்கவில்லை.

“அந்த வாசலுக்கு உள்ள எட்டுப் பேர் செத்திருக்காகம்மா,” என்றார். “நடத்துனது இவுகதான்.”

அவள் செல்வக்குமாரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பது மாதிரி. பிறகு லேப்டாப்பை இழுத்துக்கொண்டு, தொழில் செய்கிறவளின் குரலில் கேட்டாள்.

“எல்லா பிரவுசர்லயும் ஒரே மாதிரி தெரியணும். அம்புட்டுத்தான அண்ணாச்சி?”

“அம்புட்டுத்தான் தாயி.”

வெளியே நாதஸ்வரம் ஏறியது. செல்வக்குமாரை மாலையோடு மேடைக்கு அழைத்துப் போனார்கள். பாண்டிமீனா குனிந்து திரையைப் பார்த்தாள். பட்டைக்கு உயரம் கொடுக்க ஒரு வரி போதும். இசைவாணியின் விரல் அந்த இடத்துக்கு வந்து நின்றது. அப்புறம் அவள் அந்த வரியை எழுதாமல், பட்டையைச் செய்த வரிகளைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். மற்ற மூன்று வெப்சைட்டிலும் போய் அதையே செய்தாள்.

“ஜெயிலுக்குப் போவியேடி,” என்றாள் பாண்டிமீனா மெதுவாக.

“போறேன்க்கா. இதத் தெரிஞ்சே மூடிக் குடுத்திட்டு நான் வீட்ல போய்ச் சோறு திங்கவா?”

மேடையில் வரவேற்புரை முடிந்திருந்தது. விளக்குகளைக் குறைத்தார்கள். பெரிய திரையில் வாசல் வந்தது. வளைவும் அதில் சிமெண்டில் பதித்த எழுத்துகளும் எந்தப் போர்வையும் இல்லாமல் ஆளுயரத்துக்கு நின்றன. மேடையில் இருந்தவர்கள் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் வழக்கம்போல் கை தட்டினார்கள். தொகுப்பாளர் திரையையும் பார்க்கவில்லை, கூட்டத்தையும் பார்க்கவில்லை. முதலாளியே எழுதிக் கொடுத்த பாராட்டுரையில் கண்ணை நட்டு, ஏற்ற இறக்கத்தோடு படித்தார்:

“இதோ நீங்கள் காண்கின்ற இந்த ஆலை! இதன் ஒவ்வொரு செங்கல்லும் ஒளிச்செம்மல் அவர்களின் வியர்வை. அன்று தொட்டு இன்று வரை இதன் ஒரே முதலாளி, ஒப்பற்ற முதலாளி, அண்ணன் செல்வக்குமார் அவர்களே!”

மேடை மறுபடி கை தட்டியது. நாற்காலிகளை நிரப்ப வேனில் ஏற்றி வந்திருந்த பின்வரிசைகள் தட்டவில்லை. ஏழாயிரம்பண்ணைக்காரர்களுக்கு அந்த வாசலைத் தெரியும். அந்த அமைதி ஏதோ சரியில்லை என்று செல்வக்குமாருக்குச் சொல்லியிருக்க வேண்டும். திரும்பித் திரையைப் பார்த்தார். சந்தனம் அப்படியே இருக்க, முகம் மட்டும் எங்கோ போயிற்று. தொகுப்பாளரை நோக்கிக் கையை ஆட்டினார். மாலை கனமாக இருந்ததால் அது வணக்கம் போலவே தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் தன் போனில் அந்த வெப்சைட்டைத் திறந்து பார்த்தார். பக்கத்தில் இருந்தவருடைய போனையும் வாங்கிப் பார்த்தார். இரண்டிலும் ஒன்றுதான். சட்டைப் பையில் இருந்த புகாரை மெல்ல எடுத்து நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, நாற்காலியைச் செல்வக்குமாரிடமிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார். அவர் கடமை உணர்வு அவ்வளவு தூரம் உடனே நகர்ந்தது.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். முருகம்மாள். அந்தக் கடைசி அறை ஒன்றில் புருஷனைக் கொடுத்தவள், முதலாளி யாரென்று கேட்டுத் தாலுகா ஆபீஸுக்கு நடந்து செருப்புத் தேய்ந்தவள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் பிறகு பாண்டிமீனாவிடம் சொன்னார்கள். அவள் கத்தவில்லை. நடைபாதையில் நடந்து மேடைக்குக் கீழே வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள்.

“ஐயா, கடைசியா ஒண்ணு படிச்சீகளே,” என்றாள் தொகுப்பாளரிடம். “அத இன்னொருக்கப் படிங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்.”

எத்தனையோ மேடைகளில் படித்தவர் அவர். மறுபடி படிக்கச் சொல்லி யாரும் அவரைக் கேட்டதில்லை. பூரித்துப்போய், தொண்டையைச் செருமிக்கொண்டு, மைக்கை வாயருகே இழுத்து, முன்னைவிட உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.